செந்தூலில் ஒரு முயல், நான்கு நீலக் கட்டிகள்: எலி மருந்து நிகழ்வு ஆய்வு

விலங்கு: வீட்டு முயல், ஆண், விதை நீக்கப்பட்டது, வயது இரண்டரை, எடை 1.9 கிலோ.
இடம்: கோலாலம்பூர், செந்தூல், அடுக்குமாடி வீடு.
தின்றது: மெழுகுக் கட்டி வடிவ எலி மருந்து.
கண்காணிப்பு: 46 நாள்.

ஞாயிற்றுக்கிழமை இரவு 10.40. தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. அடுப்படி அலமாரிக்குக் கீழே, கேஸ் தோம்புக்குப் பின்னால் நீலத் தூள் சிதறிக் கிடந்ததை மகள்தான் முதலில் பார்த்தார். பக்கத்தில் கடித்துக் குதறிய ஒரு கட்டி. முயலின் மேலுதட்டிலும் முன்கால் மயிரிலும் அதே நீலம். முயலோ வழக்கம்போலத் துள்ளி வந்து, அவர் கையிலிருந்த கொத்தமல்லிக்கு மூக்கை நீட்டியது.

முயல் அப்படி நலமாகத் தெரிந்ததால்தான் அந்த வீட்டில் முதல் ஐம்பது நிமிடம் வீணானது. "நல்லாத்தானே இருக்கு, காலையில பார்த்துக்கலாம்" என்று பெரியவர்கள் சொன்னதில் அன்புக் குறைவு எதுவும் இல்லை. விஷம் என்றால் நுரை தள்ளும், வலிப்பு வரும் என்றுதான் நாமெல்லாம் கேட்டு வளர்ந்திருக்கிறோம். இந்த வகை எலி மருந்து அப்படி வேலை செய்வதில்லை.

இரத்தம் உறையத் தேவையான காரணிகளில் நான்கு, அதாவது 2, 7, 9, 10 ஆகியவை, கல்லீரலில் உருவாகும்போது வைட்டமின் கே வேண்டும். வேலை முடிந்த வைட்டமின் கேயை ஒரு நொதி புதுப்பித்து மறுபடியும் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும். எலி மருந்து அந்த நொதியைப் பூட்டிவிடுகிறது. ஆனால் ஏற்கெனவே இரத்தத்தில் ஓடும் காரணிகள் உடனே மறைந்துவிடுவதில்லை. கடையை மூடினாலும் வீட்டுப் பானையில் இருக்கும் அரிசி தீரும்வரை சோறு வேகும் அல்லவா, அதுபோல. 7ஆம் காரணிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் தீரும். மற்றவை மெல்லக் குறையும். பொதுவாக மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள்தான் இரத்தக் கசிவு தொடங்கும். அதுவரை முயல் ஓடும், தின்னும், விளையாடும். கசிவு தொடங்கிய பிறகு முயலுக்கு இருக்கும் அவகாசம் மிகச் சிறியது. ஒரு கிலோ எடைக்கு 55 முதல் 65 மில்லி இரத்தம் என்பது முயலின் கணக்கு. 1.9 கிலோ முயலின் உடம்பில் மொத்தமே 110 மில்லி சுற்றளவில்தான் இருக்கும், ஒரு சின்ன காப்பித் தம்ளர் அளவு. அதில் நான்கு மேசைக்கரண்டி வெளியேறினால் பாதி போய்விட்டது.

ஆகவே அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. தின்றிருக்கலாம் என்ற சந்தேகமே கிளம்புவதற்குப் போதுமான காரணம்.

முதல் ஒரு மணி நேரம்

பக்கத்து வீட்டு அக்கா உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கச் சொன்னார். பாட்டி ஒரு கரண்டியில் கரைத்தே கொண்டுவந்துவிட்டார். ஒரு வாய் உள்ளே போவதற்குள் மகள் தடுத்துவிட்டார். முயலால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையோடு சேரும் இடத்துத் தசை அத்தனை இறுக்கமானது; இரைப்பையின் அமைப்பும் அதற்கு இடம் தராது. நாய்க்கும் பூனைக்கும் மருத்துவர்கள் கொடுக்கிற வாந்தி மருந்துகூட முயலுக்குக் கிடையாது. உப்புத் தண்ணீர் இரத்தத்தில் உப்பைக் கூட்டும், மூச்சுக்குழாயில் இறங்கினால் நிமோனியா வரும். பால், மோர், முட்டை வெள்ளைக்கரு, தேங்காய் எண்ணெய், கருக்கிய ரொட்டி எதுவும் வேண்டாம். கருகிய ரொட்டியின் கரி மருந்துக் கரி ஆகாது. விஷத்தைப் பிடித்து வைக்கும் நுண்துளைகள் அதில் இல்லை.

வீட்டில் செய்யத்தக்கவை சிலவே. மீதிக் கட்டிகளிடமிருந்து முயலை வேறு அறைக்கு மாற்ற வேண்டும். உதட்டிலும் கால் மயிரிலும் ஒட்டியதை ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த அரைமணியில் நக்கி உள்ளே அனுப்பிவிடும். குளிப்பாட்டக் கூடாது, நனைந்த முயல் குளிர்ந்து அதிர்ச்சிக்குள்ளாகும். வாயோரம் தெரியும் துணுக்குகளை விரலால் எடுக்கலாம், வாயைப் பிளந்து தோண்டக் கூடாது. புல்லும் தண்ணீரும் எப்போதும்போல முன்னால் இருக்கட்டும். மருத்துவரிடம் போவதற்குமுன் வெறும் வயிறு என்ற வழக்கம் முயலுக்குப் பொருந்தாது, அதன் குடல் நின்றுபோவதே தனி ஆபத்து.

இவை முடிய ஐந்து நிமிடம் போதும். மிச்ச நேரம் முழுவதும் டப்பாவைத் தேடுவதற்கு.

டப்பா

"அம்மா, எத்தனை கட்டி வெச்சீங்க?"

"நாலு. இல்ல அஞ்சா? டப்பாவை நேத்தே குப்பையில போட்டுட்டேனே, ஐயா."

மகன் கீழ்த்தளத்துக் குப்பை அறைக்கு இறங்கிப் பையைப் பிரித்துப் பார்த்து எடுத்துவந்தார். இந்த நிகழ்வில் முயலைக் காப்பாற்றிய செயல்களில் ஊசிக்கு நிகராக இதைத்தான் வைக்க வேண்டும்.

எலி மருந்து எல்லாம் ஒன்றல்ல. நீலம், பச்சை, இளஞ்சிவப்பு என்பது தயாரிப்பாளர் சேர்க்கும் சாயம், நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மலேசியாவில் பூச்சிக்கொல்லிகளும் எலி மருந்துகளும் 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யப்படுகின்றன. டப்பாவின் லேபிளில் மலாயில் 'பெராவிஸ் அக்திஃப்' அல்லது 'பஹான் அக்திஃப்' என்ற வரிக்கு நேரே செயல்படும் மருந்தின் பெயரும் விழுக்காடும் இருக்கும். 'ராச்சுன் தீக்குஸ்' (எலி மருந்து) என்று பெரிதாக அச்சிட்ட பெயரை விட்டுவிடுங்கள். இந்தச் சின்ன எழுத்து வரிதான் மருத்துவருக்கு வேண்டும். தெளிவாகப் படம் எடுங்கள், டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள்.

இந்த டப்பாவில் இருந்தது: புரோடிஃபாகும் 0.005 விழுக்காடு, ஒரு கட்டி 5 கிராம், மொத்தம் 20 கட்டி. உள்ளே 16 கட்டி மிச்சம் இருந்தது. ஆக அம்மா வைத்தது நான்குதான் என்று உறுதியானது. ஞாபகத்தைவிட எண்ணிக்கை மேல்.

புரோமாடியோலோன், ஃப்ளோகூமாஃபென், கூமாடெட்ராலில், வார்ஃபாரின் என்று இருந்தாலும் இதே இரத்த உறைவுத் தடுப்புக் குடும்பம்தான். தங்கும் காலம் மட்டும் வேறுபடும். வேறு பெயர்கள் இருந்தால் கதையே வேறு. துத்தநாகப் பாஸ்பைடு கருஞ்சாம்பல் தூள், பூண்டு வாடை அடிக்கும். வயிற்று அமிலத்தில் பட்டதும் பாஸ்பீன் வாயுவாகிச் சில மணி நேரத்தில் கொல்லும். முயலின் வயிற்று அமிலமோ மிகக் கடுமையானது. அந்த முயலைக் காரில் கொண்டுபோகும்போது கண்ணாடியை இறக்கியே ஓட்ட வேண்டும், வாயு மனிதருக்கும் ஆகாது. கோலிகால்சிஃபெரால் உடம்பில் சுண்ணச்சத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முயல் இயல்பிலேயே உணவில் உள்ள சுண்ணச்சத்தை அள்ளி உறிஞ்சிச் சிறுநீரில் தள்ளும் விலங்கு என்பதால் இது இரட்டைச் சுமை. புரோமெத்தலின் மூளையை வீங்க வைக்கும், மாற்று மருந்து கிடையாது. இந்த மூன்றுக்கும் வைட்டமின் கே பயன்படாது. தின்றது இவற்றில் ஒன்றாக இருந்து, டப்பாவும் இல்லாமல் போயிருந்தால், தவறான மருந்தோடு மூன்று நாள் நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

வீட்டில் குழந்தை தொட்டிருந்தாலோ வாயில் வைத்திருந்தாலோ முயலுக்கு முன்னால் குழந்தை. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசிய நச்சு மையத்தின் இலவச எண் 1-800-88-8099. மூச்சுத் திணறல், மயக்கம் என்றால் நேராக 999.

கணக்கு

தரையில் இரண்டு கட்டி முழுசாக இருந்தன. ஒன்று காணவில்லை. ஒன்று அரைகுறை. அரைகுறையையும் தூளையும் கூட்டிச் சமையல் தராசில் நிறுத்ததில் 2.6 கிராம். காணாமற்போனது 5 + 2.4 = 7.4 கிராம்.

"எலியும் கொஞ்சம் தின்னிருக்கும்ல?" என்று அப்பா கேட்டார். தின்றிருக்கலாம். ஆனால் கணக்கில் எலிக்குப் பங்கு கொடுக்கக் கூடாது. காணாமற்போனது முழுவதும் முயல் வயிற்றில் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு முயல் ஒன்றாக வளர்ந்தால், ஒவ்வொன்றும் முழு அளவையும் தின்றதாகக் கணக்கிட்டு இரண்டுக்கும் சிகிச்சை தர வேண்டும்.

0.005 விழுக்காடு என்றால் ஒரு கிராம் கட்டியில் 0.05 மில்லிகிராம் மருந்து. 7.4 கிராமில் 0.37 மில்லிகிராம். 1.9ஆல் வகுத்தால் கிலோவுக்கு 0.19. புரோடிஃபாகுமுக்கு முயல்களில் பாதியைக் கொல்லும் அளவு கிலோவுக்குச் சுமார் 0.3 மில்லிகிராம். அதில் மூன்றில் இரண்டு பங்கை இந்த முயல் தொட்டுவிட்டது. கொல்லும் அளவுக்குக் கீழே இருக்கிறது என்று மனத்தைத் தேற்றிக்கொள்ள இது இடம் தராது. முதல்நாளே கொஞ்சம் தின்றிருந்தால்? இந்த மருந்து கல்லீரலில் வாரக்கணக்கில் தங்கிக் குவியும்.

மனிதர் தெரியாமல் தின்றுவிடக் கூடாதென்று சில கட்டிகளில் கடுங்கசப்பு சேர்ப்பார்கள். அதை நம்பி முயல் தொடாது என்று இருந்துவிட முடியாது. கட்டியின் உடம்பு தானியம். முயலுக்கு அது தீனி.

மருத்துவமனையில்

கோலாலம்பூரில் இரவு முழுக்கத் திறந்திருக்கும் விலங்கு கிளினிக்குகள் உண்டு. எல்லாவற்றிலும் முயல் பார்க்கும் மருத்துவர் இருக்கமாட்டார். முதலில் கூப்பிட்ட இடத்தில் காலை வரச் சொன்னார்கள். இரண்டாவது இடம் ஏற்றுக்கொண்டது. தொலைபேசியில் சொல்ல வேண்டியது ஒரு மூச்சில் முடியும்: "முயல், 1.9 கிலோ. புரோடிஃபாகும் 0.005 விழுக்காடு. அதிகபட்சம் 7.4 கிராம். ஒன்பது மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில தின்னுது." கேட்க வேண்டியவை மூன்று: முயல் பார்ப்பீர்களா, மருந்துக் கரி இருக்கிறதா, வைட்டமின் கே1 இருக்கிறதா. இந்த விஷத்துக்கு மாற்று மருந்தான கே1 இல்லாத கிளினிக்குக்கு இரவில் ஓடிப் பயனில்லை. பகல் பயணமாக இருந்தால் குளிர்சாதனத்தை முன்கூட்டியே போட்டுக் காரைக் குளிரவைக்க வேண்டும். நம் வெயிலில் மூடிய கூண்டில் முயல் வெப்பத்தாலேயே போய்விடும்.

நள்ளிரவு 12.15க்குச் சேர்ந்தார்கள். உடல் வெப்பம் 38.9 பாகை, இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 220, ஈறு இளஞ்சிவப்பு, குடல் ஓசை இருந்தது. எல்லாம் இயல்பு. தின்று அதிகபட்சம் மூன்றே கால் மணி நேரம் என்பதால் மருந்துக் கரிக்கு இன்னும் நேரம் இருந்தது. கிலோவுக்கு 1 கிராம் கணக்கில் ஏறக்குறைய 2 கிராம் கரியை 10 மில்லி தண்ணீரில் கரைத்து, சிரிஞ்சால் கடைவாய் ஓரத்தில் அரை மில்லி, ஒரு மில்லியாக, முயல் விழுங்க விழுங்கக் கொடுத்தார்கள். அவசரப்பட்டுத் தள்ளினால் கரி நுரையீரலில் இறங்கும். அது எலி மருந்தைவிட வேகமாகக் கொல்லும். வீட்டில் இதைச் செய்ய வேண்டாம் என்பதற்கு அதுவே காரணம்.

இரத்த மாதிரி காதோர நரம்பிலிருந்து அரை மில்லி. உறைவுக் கோளாறு இருக்கலாம் என்ற நிலையில் கழுத்து நரம்பைத் தொடுவதில்லை. அங்கே கசிந்தால் அழுத்திப் பிடிக்க வழியில்லை, மூச்சுக்குழாயை நெருக்கும். எடுத்த இடத்தை ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்தார்கள். சிவப்பணு அளவு 38 விழுக்காடு. உறைவு நேரத்தை அளக்கும் பி.டி. சோதனை இயல்பாக வந்தது.

அந்த முடிவைப் பார்த்ததும் குடும்பத்துக்கு முகம் மலர்ந்தது. ஆனால் தின்ற இரவில் பி.டி. இயல்பாகத்தான் வரும், பானையில் அரிசி இன்னும் இருக்கிறது. அன்றைய சோதனை பின்னால் ஒப்பிடுவதற்கான அடித்தளம், அவ்வளவே.

இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, கே1 தொடங்காமல் 48 முதல் 72 மணி நேரத்தில் மறுபடி பி.டி. பார்த்து, நீண்டிருந்தால் மட்டும் தொடங்குவது. நாய்களுக்கு இது ஏற்கத்தக்க வழி. இரண்டாவது, உடனே தொடங்குவது. முயலுக்கு இரண்டாவதே சரி என்பது எங்கள் உறுதியான கருத்து. இரத்தக் கையிருப்பு சிறிது, கிளினிக் கருவிகள் பெரும்பாலும் நாய் பூனைக்கு அளவு வைத்தவை, இன்னொரு முறை நரம்பைக் குத்துவதும் முயலுக்குச் சிறிய விஷயமல்ல. மருத்துவரும் அன்றே தொடங்கினார்.

வைட்டமின் கே1

அளவு கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 மில்லிகிராம். 1.9 கிலோவுக்கு 4.75, நடைமுறையில் 5 என்று வைத்து, காலை 2.5, இரவு 2.5. இது இந்த முயலுக்கு அதன் மருத்துவர் எழுதியது; உங்கள் முயலுக்கு எடை பார்த்து உங்கள் மருத்துவர் எழுத வேண்டும்.

முதல் வேளை தோலுக்கடியில், மிக மெல்லிய ஊசியால், இரண்டு இடத்தில் பிரித்துப் போடப்பட்டது. நரம்பு வழி போட்டால் கடும் ஒவ்வாமை அதிர்ச்சி வரக்கூடும். தசையில் போட்டால் உள்ளுக்குள் இரத்தம் கட்டும். அந்த இரவில் வாய்வழி கொடுக்காததற்குக் காரணம் கரி: இப்போதுதான் உள்ளே போன கரி விஷத்தைப் பிடிப்பதுபோல வைட்டமினையும் பிடித்து வெளியே கொண்டுபோய்விடும். மறுநாள் காலையிலிருந்து வாய்வழி. ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் உள்ள திரவம் எழுதப்பட்டது, ஒரு வேளைக்கு 0.25 மில்லி. ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் அளந்து, தீனியோடு சேர்த்து. கே1 கொழுப்பில் கரைவது, வயிற்றில் உணவு இருந்தால்தான் நன்றாக ஏறும்.

இரண்டு தவறான மாற்றுகள் அந்த வாரம் வீட்டுக்குள் வந்தன. முதலாவது, கடையில் கிடைத்த வைட்டமின் கே3. பெயர் ஒத்திருந்தாலும் இந்த விஷத்துக்கு அது பலிக்காது. எண்ணைப் பார்த்து வாங்க வேண்டும். இரண்டாவது, "கீரையில கே வைட்டமின் நிறைய இருக்கே, தினமும் பசலைக்கீரை போட்டா போதாதா?" நல்ல கேள்விதான். நூறு கிராம் பசலையில் சுமார் அரை மில்லிகிராம் கே1 இருக்கும். ஐந்து மில்லிகிராமுக்கு ஒரு கிலோ கீரை வேண்டும், தன் எடையில் பாதிக்கும் மேல், நாள்தோறும். அதற்குமுன் வயிறு உப்பிப் படுத்துவிடும்.

கே1 கொடுத்த உடனே இரத்தம் உறையத் தொடங்கிவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். புதுக் காரணிகள் உருவாக அரை நாளாவது ஆகும். கசிவு தொடங்கிய பின் வந்த முயலுக்கு அந்த அரை நாளைத் தாண்ட ஆக்சிஜனும், கொடையளிக்கும் இன்னொரு முயலின் இரத்தமும் தேவைப்படும். அந்த நிலைக்கு இந்த முயல் போகவில்லை.

வீட்டில் நாலு வாரம்

இரண்டாம் நாள் புழுக்கைகளில் கரி கறுப்பும், மென்புழுக்கையில் நீலப்பச்சை சாயமும் தெரிந்தன. சாயம் தெரிந்தது நல்ல சான்று: தின்றது முயல்தான், சந்தேகமில்லை. கறுப்புதான் குழப்பம் தரும். குடலில் இரத்தம் கசிந்தாலும் புழுக்கை தார்போலக் கறுக்கும். கரி கொடுத்திருந்தால் ஓரிரு நாள் கறுப்பு இயல்பு, அதற்கப்புறமும் கறுப்பாகவும் பிசுபிசுப்பாகவும் வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

முயல் தன் மென்புழுக்கையைத் திரும்பத் தின்னும் விலங்கு. அதனால் விஷத்தில் ஒரு பங்கு மறுபடி உள்ளே போகும். கழுத்தில் கூம்பு மாட்டித் தடுக்கலாமா என்று குடும்பம் கேட்டது. வேண்டாம் என்றே முடிவானது. கூம்பு தரும் மிரட்சியில் முயல் தின்பதை நிறுத்தினால் இழப்பு பெரிது. தரை விரிப்பை அடிக்கடி மாற்றி, கீழே விழுந்ததை அள்ளிவிட்டாலே போதும்.

அன்று மாலையே அந்தப் பயம் மெய்யானது. பயணமும் ஊசியும் கரியும் சேர்ந்து முயல் புல்லைத் தொடவில்லை, புழுக்கை சிறுத்து எண்ணிக்கையும் குறைந்தது. முயல் 12 மணி நேரம் தின்னாமல் இருந்தால் குடல் தேங்கிவிடும், அது தனியொரு அவசரநிலை. துகள் தீவனத்தை அரைத்து வெந்நீரில் ஊறவைத்த கூழ், வேளைக்கு 20 மில்லி, ஒரு நாளைக்கு ஐந்து வேளை, கடைவாய் ஓரத்தில் மெதுவாக. வீட்டில் பழைய அறுவைக்குக் கொடுத்த மெலோக்சிகாம் பாட்டில் மிச்சம் இருந்தது. வலி மருந்துதானே, கொடுத்தால் தின்னும் என்று அம்மா எடுத்தார். கேட்காமல் கொடுத்திருந்தால் பெருந்தவறு. அந்த வகை மருந்துகள் இரைப்பையைப் புண்ணாக்கும், இரத்தத் தட்டுகளின் வேலையைக் கெடுக்கும். உறைவு ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும்போது அவை வேண்டவே வேண்டாம். ஆஸ்பிரினும் அப்படியே. மூன்றாம் நாள் காலை கங்கோங் கீரைத் தண்டை முயல் தானாகக் கடித்தது, மதியம் புல்.

அந்த மூன்றாம் நாளிலிருந்து பத்தாம் நாள்வரை காலையும் இரவும் பார்த்தவை: ஈறு வெளுக்கிறதா, மூச்சு வேகமாகிறதா (நெஞ்சுக்குள் கசிந்தால் முதலில் தெரிவது மூச்சில்தான்), மூக்கோரம் சிவப்பு, காதின் உட்புறம் கருநீலத் திட்டு, ஊசி போட்ட இடத்தில் வீக்கம், நொண்டல். நொண்டலை யாரும் பொருட்படுத்தமாட்டார்கள். மூட்டுக்குள் இரத்தம் இறங்கினாலும் முயல் நொண்டும். மூன்றடிக்கு நாலடி அடைப்பில், மெத்தென்ற விரிப்பில், ஏறிக் குதிக்க எதுவும் இல்லாமல் வைத்தார்கள். நகம் வெட்டவில்லை.

நான்காம் நாள் காலை விரிப்பில் செம்பழுப்புச் சிறுநீர். வீடே கலங்கியது. முயலின் சிறுநீர் வெளிர்மஞ்சளிலிருந்து செங்கல் நிறம்வரை நிறமிகளாலேயே மாறும். தீனியும் மிரட்சியும் போதும். நிறமி என்றால் முழுவதும் ஒரே நிறமாக இருக்கும், இரத்தம் என்றால் பெரும்பாலும் திட்டுத் திட்டாகத் தெரியும். ஆனால் கண்ணை நம்பி விட்டுவிடுகிற நாள் அதுவல்ல. பஞ்சில் நனைக்காமல், சிரிஞ்சால் உறிஞ்சிய சிறுநீரைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். சோதனைப் பட்டையில் இரத்தம் இல்லை. போனது வீண்பயணம் அல்ல. பட்டை வேறு மாதிரி நிறம் மாறியிருந்தால் அன்றே படுக்கையில் சேர்த்திருக்க வேண்டும்.

21ஆம் நாள் தீபாவளி. விருந்தாளிகள், பிள்ளைகள், வெடிச் சத்தம். முயல் பூட்டிய படுக்கையறையில் இருந்தது, தூக்கிக் கொஞ்ச அனுமதி இல்லை. மிரண்டு உதைத்தால் முதுகெலும்பே முறியக்கூடிய விலங்கு அது. உறைவு குறைந்த நாளில் சொல்லவே வேண்டாம். அன்றிரவு மருந்தைக் கொடுத்தது தங்கை என்று அண்ணனும், அண்ணன் என்று தங்கையும் நினைத்ததில் ஒரு வேளை தவறியது. மறுநாள் குளிர்பெட்டிக் கதவில் தாள் ஒட்டி, கொடுத்தவர் நேரம் எழுதிக் கையெழுத்திடும் வழக்கம் வந்தது. இதை முதல் நாளே செய்திருக்கலாம்.

28ஆம் நாளும் அதற்குப் பிறகும்

28ஆம் நாள் இரவோடு கே1 நிறுத்தப்பட்டது. முயல் 1.95 கிலோ, துள்ளலாக இருந்தது. பலர் இந்த இடத்தில் கோப்பை மூடிவிடுவார்கள். மருத்துவரோ 48 மணி நேரம் கழித்து, 30ஆம் நாள், பி.டி. பார்த்தே ஆக வேண்டும் என்று நின்றார்.

பி.டி. நீண்டிருந்தது. முதல் இரவின் அளவோடு ஒப்பிட்டால் ஐயத்துக்கே இடமில்லை. கல்லீரலில் புரோடிஃபாகும் இன்னும் இருந்தது. கொடுத்துவந்த வைட்டமின் அத்தனை நாளும் அதை மறைத்துவைத்திருந்தது. மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போது பார்த்தால் எப்போதும் இயல்பாகவே வரும், ஆகவே அந்தச் சோதனைக்குப் பொருளில்லை. நிறுத்தி அன்றே பார்த்தாலும் இயல்பாகத்தான் வரும். ஒரு வாரம் கழித்துப் பார்க்கலாம் என்று விட்டால், அதற்குள் கசிந்திருக்கும். 48 மணி நேரம் என்பது அந்த இடைவெளியைப் பார்த்து வைத்த கணக்கு. வார்ஃபாரின் வகையாக இருந்தால் இரண்டு வாரமே போதுமானதாக இருந்திருக்கும். லேபிளில் இருந்த அந்த ஒரு சொல்தான் இங்கேயும் முடிவைத் தீர்மானித்தது.

அன்றே கே1 மறுபடி தொடங்கி இன்னும் 14 நாள் கொடுக்கப்பட்டது.

இடையில் அடுப்படி மாறியது. கட்டிகள் அகற்றப்பட்டன, எலிக்கு இப்போது மூடிய பெட்டிக்குள் வைத்த பொறி, முயல் போகாத குளியலறைக் குழாய் மூலையில். தொட்டித் தண்ணீர்க்குழாய் நுழையும் ஓட்டையைச் சிமெண்டு வைத்து அடைத்தார்கள். கட்டியே வைத்தாக வேண்டும் என்றால், திருகாணியால் மூடிய கடினப் பெட்டியில், கட்டியைக் கம்பியில் கோத்து வைக்க வேண்டும். கோக்காத கட்டியை எலியே இழுத்துவந்து முயல் முன்னால் போட்டுவிடும். அடுக்குமாடியில் இன்னொன்றும் உண்டு. நடைபாதையிலும் சாக்கடை ஓரத்திலும் நிர்வாகக் குழு பூச்சி ஒழிப்பு ஆளை வைத்து நீலக்கட்டி போடும். என்ன மருந்து, எந்த இடம், எந்தத் தேதி என்று அந்த நிர்வாகக் குழுவின் (ஜே.எம்.பி.) அலுவலகத்தில் எழுதிக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம். இந்தக் குடும்பம் கேட்டது. படிக்கட்டில் வைத்த மருந்துப் பெட்டி ஒன்று முயல் வீட்டுக் கதவுக்கு இரண்டடி தூரத்தில் இருந்தது தெரிந்து, அதை இடம் மாற்றினார்கள்.

44ஆம் நாள் மருந்து நின்றது. 46ஆம் நாள் எடுத்த பி.டி. முதல் இரவின் அளவுக்கே திரும்பியிருந்தது, சிவப்பணு 40 விழுக்காடு. ஆறு வாரமாக வளர்ந்து வளைந்திருந்த நகங்களை மருத்துவர் அன்றே வெட்டினார். ஒரு நகத்தில் சற்று உள்ளே வெட்டுப்பட்டது. பஞ்சை வைத்து அழுத்தியதும் இரத்தம் நின்றது.